வலையைப் பார்த்து நின்றவன்

கொஞ்சம் நகரும் ஓய். அந்தக் குடையை எடுத்து மடியில வையும். ஆங். போதும்.

என்ன, என் காலையே பாக்கீர்? செருப்பு இல்ல, தெரியுது. மணல் உதிருது, அதுவும் தெரியுது. ஏறும்போதே கண்டக்டர் பய கேட்டுட்டான். "என்ன மாஸ்டர், கடல்ல இருந்து நேரா வாறீரா?" பல்லைக் காட்டுறான். டிக்கெட்டைக் கிழிலேன்னேன்.

நாகர்கோவில். அங்க யார் வீட்டுக்குன்னு கேக்காதீர். யாரும் இல்ல. பஸ் அங்க போகுது, நானும் போறேன்.

மூச்சு வாங்குதா? வயசு. வேற ஒண்ணும் இல்ல. பயந்து ஓடி வந்தவன்னு நினைக்காதீர். நான் கோல்கீப்பர் நின்னவன் ஓய். நெஞ்சுக்கு நேரா பந்து வரும்போது கண்ணை மூடாதவன். கிளீட்டஸ்னு சொன்னா குளச்சல்ல இருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் தெரியும். உமக்குத் தெரியாதா? சரி, விடும். உமக்கு ஃபுட்பால் தெரியாது போல.

தெரியாதவர்ட்ட கேக்கதுதான் நல்லது. ஒண்ணு சொல்லும். ஒரு டீமுக்குக் கோச் யாருன்னு, அந்த டீம்ல ஆடுற பய சொல்லலாமா?

சட்டுன்னு சொல்லாதீர். யோசிச்சுச் சொல்லும். இல்ல, சொல்லவே வேண்டாம், நான் சொல்லுதேன். சொல்லப்படாது. ஆடுறவன் ஆடணும். ஓடச் சொன்னா ஓடணும். ஆஸ்பத்திரியில டாக்டர் யாருன்னு நோயாளியா சொல்லுதான்?

என்னது, பிடிக்கலன்னா வேற டாக்டர்ட்ட போவானா? போவான். அது வேற. வள்ளத்தை எடுத்துக்கிடும். யாரு ஓட்டணும்னு வலை இழுக்கிறவன் முடிவு பண்ணுவானா? எங்க கரையில நம்பிக்கை இல்லாத ஆள் ஓட்டுற வள்ளத்துல ஒருத்தனும் கால் வைக்க மாட்டான், வாஸ்தவம்தான். அது உயிர் விஷயம் ஓய். இது பந்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீர்.

எங்க ஊர் மேலத்துறை. கிளப் பேரு விடிவெள்ளி. அங்க ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. கோச் வேலைக்கு ரெண்டு பேர் வந்தா, கமிட்டி வாயை மூடிக்கிடும். ஆட்டக்காரப் பயலுக முடிவு பண்ணணும். எப்படின்னு கேளும். ரெண்டு கோல் போஸ்ட் இருக்கா? ஆளுக்கு ஒண்ணுல நிக்கணும். மூஞ்சி வலையைப் பாத்து. முதுகு மைதானத்தைப் பாத்து. பயலுக எல்லாம் நடுக்கோட்டுல. எங்க கோயில் ஃபாதர் விசில் அடிப்பார். எவனுக்கு எந்தக் கோச் வேணுமோ, அந்த ஆள் முதுகுக்குப் பின்னால போய் நிக்கணும். ஒருத்தனும் வாய் திறக்கப்படாது. எல்லாரும் நின்ன பிறகு ரெண்டாவது விசில். அப்பதான் திரும்பிப் பாக்கலாம்.

ஏன் திரும்பி நிக்கணுமா? முன்னொருக்க முகத்துக்கு முகம் நிக்கவிட்டுப் பாத்தாங்க. ஒரு கோச் முறைச்ச முறைப்புல பயலுக பாதி வழியில நின்னு அழுதிருக்கானுங்க. அதுல இருந்து இப்படி.

நானும் இப்படித்தான் வந்தேன். அப்ப எனக்கு முன்னால ரொசாரி மாஸ்டர்னு ஒருத்தர். நான் ஒரு போஸ்ட்டுல, அவர் எதிர் போஸ்ட்டுல. விசில் அடிச்சாச்சு. திரும்பினேன். மொத்த டீமும் என் பின்னால நிக்குது ஓய், ஒருத்தன் பாக்கியில்லாம. அன்னைக்கு ஆட்டக்காரனுக்கு மூளை இருந்தது. எது நல்லதுன்னு தெரிஞ்சது. அந்த வழக்கமும் அன்னைக்கு நல்லாத்தான் இருந்தது.

ஆனா நான் அவரையும் பாத்தேன். பாத்திருக்கப்படாது. தூரத்துல, அந்தப் போஸ்ட்டுல, ரொசாரி மாஸ்டர் பைய திரும்புறார். பின்னால யாரும் இல்ல. வெறும் தரை. அவர் என்ன செஞ்சார் தெரியுமா? சிரிச்சார். யாரைப் பாத்து சிரிச்சாரோ. பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தார், எதையோ தொலைச்ச மாதிரி. அப்படியே நடந்து போயிட்டார். அதுக்குப் பிறகு மைதானம் இருக்கிற தெருவுல அவர் வந்ததே இல்ல. கோயிலுக்கும் கடற்கரை வழியா சுத்தித்தான் போவார். சாகுற வரைக்கும்.

எனக்கு அந்தச் சிரிப்புதான். கண்ணை மூடினா அந்தச் சிரிப்பு. ஒரு மாசமா.

ஒரு மாசமா ஏன்னா, ஜோபின் வந்துட்டான். எங்க ஊர்ப் பயதான். திருவனந்தபுரம் போய் கோச்சிங் லைசென்ஸ் வாங்கிட்டு வந்திருக்கான். தரையில பிளாஸ்டிக் கூம்பு அடுக்கி வைப்பான். பயலுகளை வட்டமா உக்கார வச்சு, "உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்க"ம்பான். ஆடுறவனுக்கு என்னத்தத் தோணும்? பசிக்குதுன்னு தோணும்.

இந்த வருஷம் செமி ஃபைனல்ல தோத்தோம். அது என் குத்தமா? அஜின்னு ஒரு பய, வலது பக்கம் ஆடுறவன். நல்ல கால். ஆனா சிரிப்பான். ஒரு கோல் வாங்கின பிறகும் கூட ஆடுறவனைப் பாத்து சிரிச்சான். வெளிய எடுத்துட்டேன். அவன் இருந்தா ஜெயிச்சிருப்போம்னு ஊர் சொல்லுது. இருக்கலாம். சிரிக்கப்படாது.

தோத்த அன்னைக்கு சாயங்காலமே எல்லாவனையும் மணல்ல ஓடவிட்டேன். என் மகன் ஆன்றோ, அவன்தான் ஸ்டாப்பர், பின்னால நின்னு தடுக்கிறவன். அவனை மட்டும் ரெண்டு மடங்கு. மகனுக்குச் சலுகைன்னு ஒருத்தன் சொல்லிரப்படாதுல்லா? டீமுக்கு முன்னால அவனைத்தான் ஏசுவேன். மத்தவன் புரிஞ்சிக்கிடுவான். அவனும் புரிஞ்சிக்கிடுவான்னு வையும். அவன் ஒண்ணும் சொன்னதில்ல. என்கிட்ட அவன் எதுவுமே சொல்றதில்ல, நல்ல பிள்ளை.

அடுத்த வாரம் பயலுக கமிட்டிக்குப் போயிட்டானுங்க. எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடம் வேணும்னு. ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், வழக்கப்படி வச்சுக்கலாமா?"ன்னார். வைங்கன்னேன். வேற என்னத்தச் சொல்ல? வேண்டாம்னா பயந்துட்டேன்னு ஆயிரும்.

அன்னையில இருந்து ஓய், சோறு இறங்கல. கருவாட்டுக் குழம்பு, நாக்குக்கு நல்லாத்தான் இருக்கு, தொண்டைக்குக் கீழ போகல. ஸ்டெல்லா, என் வீட்டுக்காரி, கஞ்சி வச்சுக் கொடுத்தா. அதுவும் போகல. "பயமா இருக்கா?"ன்னு கேட்டா. வாயு பிடிச்சிருக்குன்னேன்.

பிராக்டீஸ்ல பயலுக மூஞ்சியைப் பாக்க ஆரம்பிச்சேன். முன்ன நான் காலைத்தான் பாப்பேன். மூஞ்சியில என்ன இருக்கு? இப்ப மூஞ்சி மூஞ்சியா பாக்கேன். இவன் வருவானா, இவன் வருவானா. ஒருத்தன் கண்ணுலயும் ஒண்ணும் தெரியல. ரெண்டு பேர் சேர்ந்து நின்னு பேசினா என் காது அங்கயே போயிரும். கிட்டப் போனா நிறுத்திருவானுங்க. என்னலே பேசுதியன்னா, "ஒண்ணுமில்ல மாஸ்டர், இன்னைக்கு மீன் விலை"ம்பான். அவன் வாழ்க்கையில மீன் வாங்கினதே கிடையாது.

சரி, கொஞ்சம் நல்லபடியா பேசுவோம்னு பாத்தேன். அஜின் ஒரு பந்து போட்டான், சரியா கொண்டு வச்சான். "நல்ல பாஸ்லே மக்கா"ன்னேன். பய அப்படியே நின்னுட்டான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. கிட்ட வந்து, "மாஸ்டர், என்னை டீமை விட்டு எடுத்துட்டீங்களா?"ங்கான். ஏம்லேன்னேன். "இல்ல, பாராட்டுனீங்க"ங்கான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லும்.

எவனை நம்புறது? வீட்டுலயே ஒருத்தன் இருக்கானே. நேத்து ராத்திரி சாப்பிடும்போது ஆன்றோவைக் கேட்டுட்டேன். கேக்கப்படாதுன்னுதான் இருந்தேன். வாயில வந்துட்டு.

"லேய். நாளைக்கு நீ எந்தப் பக்கம்?"

அவன் சோத்துல இருந்து தலையை எடுக்கல.

"அப்பா, நாளைக்குத் திரும்பி நில்லுங்க. பாக்கப்படாது."

அவ்வளவுதான். கையைக் கழுவிட்டு எழும்பிட்டான். தட்டுல பாதி மீன் அப்படியே இருக்கு. ஸ்டெல்லா உடனே என்னை ஏசுதா. "பிள்ளையை ஏன் மிரட்டுதிய?" நானா மிரட்டுனேன்?  

இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வச்சிருந்தாங்க. இப்ப என்ன, அஞ்சு ஆயிருக்குமா? ஊரே வந்து மதில்ல ஏறி உக்காந்திருக்கு. வேற வேலை இல்லாத ஊரு. வெடி ஒண்ணுதான் போடல. சைக்கிள்ல டீ கொண்டு வந்து விக்கான். "மாஸ்டர், வடை சாப்பிடுதியளா?"ன்னு ஒருத்தன் கேக்கான். வெட்டப் போற ஆட்டுக்கு இலை காட்டுற மாதிரி.

எந்தப் போஸ்ட்டுன்னு நாணயம் சுண்டினாங்க. எனக்குக் கிடைச்சுது. கடல் பக்கத்துப் போஸ்ட்டை எடுத்துக்கிட்டேன். நான் கீப்பரா நின்ன போஸ்ட் அது. ஜோபினுக்கு ரோட்டுப் பக்கத்துப் போஸ்ட். அவன் வந்து என் கையைப் பிடிச்சான். அவன் கையும் சில்லுன்னுதான் இருந்தது. அவனுக்கு என்ன பயம்? ஏதாவது ஐஸ் வாட்டரைப் பிடிச்சிருப்பான்.

செருப்பைக் கழத்தி போஸ்ட் ஓரம் வச்சேன். கோல் கோட்டுல செருப்போட நான் நின்னதில்ல. வலையைப் பாத்து நின்னேன். பழைய மீன்பிடி வலைதான் அது, கரமடி வலையை வெட்டிக் கட்டியிருக்கோம். நல்லாக் கழுவினாலும் வாடை போகாது. கண்ணுக்கு முன்னால கட்டம் கட்டமா கடல். அலை வந்து விழுது, வந்து விழுது. முதுகு இருக்கே ஓய், முதுகு. அது அப்பதான் எனக்கு இருக்குன்னே தெரிஞ்சது. முதுகு பூரா காது முளைச்ச மாதிரி.

ஃபாதர் விசில் அடிச்சார்.

எனக்குக் காலடி தெரியும். ஒவ்வொருத்தன் ஓட்டத்தையும் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். அஜின் கால் நுனியை ஊனித்தான் நடப்பான். டெல்பின் குதிகாலைப் போட்டு இடிப்பான். எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தான் வந்திருந்தானுங்க. முதல்ல ஒருத்தன். டக், டக், டக். அந்தப் பக்கம் போகுது. டெல்பின்தான். பிறகு ரெண்டு பேர். அதுவும் அந்தப் பக்கம். தூரம் போகப் போகக் கேக்குது, டக் டக்குன்னு. பிறகு இன்னும் யாரோ.

என் பக்கம் ஒண்ணும் இல்ல.

பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கேன். பொறு, பொறு, வருவான். ஆன்றோ நடை எனக்குத் தெரியும். இடது கால் கொஞ்சம் இழுக்கும், சின்னதுல மரத்துல இருந்து விழுந்தது. அந்த இழுப்பு கேட்டுது. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. அதுக்கு மேல கேக்கல. போயிட்டான். என் மகனும் போயிட்டான்.

அதுக்குப் பிறகு மொத்தமா அமைதி ஓய். மதில்ல இருந்தவன்கூட இருமல. ரெண்டாவது விசில் வரப் போகுது. நான் திரும்பணும். திரும்பினா அந்த வெறும் தரை. எல்லாவனும் என்னையே பாத்துக்கிட்டு இருப்பான். நானும் சிரிச்சிருவேனோன்னு பயம். ஆமா, பயம். சொல்லிட்டேன், போதுமா? என் மூஞ்சி தானாவே சிரிச்சிருமோ, என் கை தானாவே சட்டைப் பையைத் தொட்டிருமோன்னு பயம். ரொசாரி வேணும்னேவா செஞ்சார்? அவருக்குத் தெரியாமத்தானே அது நடந்தது.

வலையைத் தூக்கினேன். அடியில கல்லு வச்சிருக்கும், அதை உருட்டிட்டு, குனிஞ்சு, அந்தப் பக்கம் போயிட்டேன். ஒரு ஓரத்துல தாழம்புதர். அதுக்குள்ள பூந்து, கரையோரமாவே சுத்தி பஸ் ஸ்டாப்புக்கு வந்தா இந்த பஸ் நிக்கு. ஏறிட்டேன்.

அவ்வளவுதான் கதை. ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிவிடும். காத்து வரட்டும்.

என்ன?

திரும்பிப் பாக்காம எப்படித் தெரியும்னா? அதான் சொன்னேனே, காலடி. அந்தப் பக்கம் போனவன் சத்தம் கேட்டுது, இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. பிறகு என்ன?

தரையா? தரை எப்படி இருக்கும், தரை மாதிரி இருக்கும். ரோட்டுப் பக்கம் செம்மண்ணு போட்டு இடிச்சு வச்சிருக்கு, கல்லு மாதிரி இருக்கும். கடல் பக்கம் அப்படி நிக்காது. நடுக்கோட்டுல இருந்து இந்தப் பக்கம் பூரா மணல்தான். கடல் மணல். கணுக்கால் வரைக்கும் போகும். அதுலதான் நான் பயலுகளை ஓடவிடுறது. ஓடினா மூச்சுச் சத்தம்தான் கேக்கும், காலடிச் சத்தம்...

...

ஒரு நிமிஷம் இரும்.

ஆன்றோ ரெண்டு எட்டு வச்சான். கேட்டுது. ரெண்டு எட்டுதான் கேட்டுது, செம்மண்ணு முடியுற வரைக்கும்.

அந்தப் பக்கம் போயிருந்தா கேட்டுக்கிட்டே இருந்திருக்கணும். டெல்பின் போனது கடைசி வரைக்கும் கேட்டுதே.

இல்ல ஓய். அப்படி இருக்காது. நீர் சும்மா என்னை சமாதானம் பண்ணுறீர். கடல் சத்தத்துல எனக்குக் கேக்காம இருந்திருக்கும். அவன் போயிட்டான். ஜோபின்தான் அவனுக்குப் பிடிக்கும், வட்டமா உக்கார வச்சு என்ன தோணுதுன்னு கேப்பான். நான் கேட்டதே இல்லையே. அவன் போயிட்டான். போயிருக்கணும்.

எத்தனை பேரோட சத்தம் கேட்டுது? டெல்பின். பிறகு ரெண்டு பேர். பிறகு இன்னும் யாரோ. மிச்சம்? பதினெட்டுப் பேர்ல மிச்சம் எங்க போனான்? அஜின் நடையை நான் கேக்கவே இல்ல. கால் நுனியை ஊனி நடக்கிறவன்...

ஓய், வந்திருந்தானுங்கன்னா?

நீர் சிரிக்காதீர். இது சந்தோஷப்படுற விஷயம் இல்ல. யோசிச்சுப் பாரும். ஒருத்தனும் வரலன்னா, சரி, கிழவன் தோத்துட்டான், ஓடிட்டான், நாலு நாள் பேசுவானுங்க, முடிஞ்சு போகும். அதை நான் தாங்கிக்கிடுவேன். வந்திருந்தா? மணல்ல ஓடவிட்டும், ஏசியும், ரெண்டு மடங்கு ஓடவிட்டும், அதெல்லாத்துக்கும் பிறகும் ஊருக்கு முன்னால ஒவ்வொருத்தனா நடந்து என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னிருந்தா? நான் அவனுக கண்ணு முன்னால, அவன் மூச்சு விடுற தூரத்துல, வலையைத் தூக்கிட்டு நாய் மாதிரி குனிஞ்சு போயிருக்கேன். பேசப்படாதுன்னு சட்டம். கூப்பிட்டிருக்க மாட்டானுங்க. பாத்துக்கிட்டே நின்னிருப்பானுங்க. ரெண்டாவது விசில் அடிச்சா, கோல் கோட்டுல என் செருப்பு மட்டும்.

ஐயோ. ஆன்றோ முதல்ல நின்னிருப்பான். அவன் உயரம், முன்னால நின்னிருப்பான்.

இறங்கணும். இறங்கவா? இறங்கி எங்க போறது? அங்க போய் என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கது? இல்ல, போகட்டும். நாகர்கோவில் போகட்டும். நீர் பேசாம இரும். உம்ம பக்கத்துல வந்து உக்காந்தது என் தப்பு. நிம்மதியா தோத்துட்டு வந்தவனைக் கெடுத்துட்டீர்.

என்ன தொடுறீர்? தொடை நடுங்குதா? அது வயசு ஓய்...

இல்ல. பையில. ஃபோனாக்கும்.

எவ்வளவு நேரமா அடிக்குதோ. சத்தத்தை நிறுத்தி வச்சிருந்தேன், விசில் அடிக்கும்போது அடிச்சுரப்படாதுன்னு. இந்தாரும், பேரை வாசியும். கண்ணாடி இல்ல. எத்தனை தடவை அடிச்சிருக்குன்னும் இருக்குமே, அதையும் வாசியும். வேண்டாம், அதை வாசிக்காதீர். பேரை மட்டும்.

ஆன்றோவா.

அவன் எனக்கு ஃபோன் பண்ண மாட்டானே. ஒரே வீட்டுல இருக்கிறவன், அவன் எனக்கு எதுக்கு ஃபோன் பண்ணப் போறான்? அவன் அம்மாக்குத்தான் பண்ணுவான்.

நின்னுட்டுதா? அடிக்குதா இன்னும்? நின்னுரட்டும். இல்ல, இல்ல, நிக்கப்படாது. நீர் எடும். நான் எடுக்க மாட்டேன், என் கை இதைப் பிடிக்காது. எடுத்துக் காதுல வையும். நான் எங்கன்னு கேட்டா சொல்லாதீர். ஒண்ணுமே பேசாதீர். அவன் என்ன சொல்றான்னும் எனக்கு வேண்டாம். அவனுக்குப் பின்னால எத்தனை பேர் குரல் கேக்குதுன்னு மட்டும் கேளும். நல்லாக் கேளும் ஓய். என் காதை இனி நான் நம்புறதா இல்ல.

கண்டக்டர்! லேய்! வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுலே. இந்த இரைச்சல்ல அவருக்கு ஒண்ணும் கேக்காது.